ஏரிப் பிம்ப ஒளிப்படம் தலைகீழாகத் திருப்பப்பட்டதா எனக் கண்டறிதல்

அசைவற்ற ஏரி, குளம் அல்லது நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து எடுக்கும் ஒளிப்படத்தில் மேற்பாதியில் மலையும் மரங்களும், கீழ்ப்பாதியில் அவற்றின் பிம்பமும் அமைந்திருக்கும். காற்றடிக்காத விடியற்காலையில் எடுத்த படமானால் இரண்டு பாதிகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஒத்திருக்கும். அத்தகைய படத்தை 180 பாகை சுழற்றி வைத்தால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நாட்காட்டி, சுவரொட்டி, பாடநூல் என எதிலும் இவ்வாறு படம் மாறி அச்சாகிவிட வாய்ப்புண்டு. வேண்டுமென்றே திருப்பி, "எது நீர், எது வானம்?" என்ற கேள்வியோடு கைப்பேசிகளில் சுற்றிவரும் படங்களும் உண்டு.

இரண்டு பாதிகளும் ஒத்திருப்பது தோற்றத்தில் மட்டுமே. நீர் ஒரு குறையுள்ள கண்ணாடி. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை மட்டுமே அது திருப்பி அனுப்புகிறது. மேலும், அது காட்டும் காட்சி கேமரா இருக்கும் இடத்திலிருந்து தெரியும் காட்சி அன்று. இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே பெரும்பாலான சோதனைகள் கிடைக்கின்றன. முதலாவது வெளிச்சத்தைப் பற்றியது. அதை ஏமாற்ற முடியும். இரண்டாவது வடிவக்கணிதத்தைப் பற்றியது. அதை ஏமாற்றுவது கடினம்.

நாற்பத்தேழு நாள் தலைகீழாகத் தொங்கிய படகு

இதில் தவறுவது சாதாரணப் பார்வையாளர்கள் மட்டும் அல்லர் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீசு 1953-இல் காகிதத்தை வெட்டி உருவாக்கிய 'படகு' என்ற படைப்பு, பாய்மரப் படகு ஒன்றையும் நீரில் அதன் பிம்பத்தையும் சில எளிய கோடுகளில் காட்டுவது. 1961-இல் நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது அக்டோபர் 18 முதல் டிசம்பர் 4 வரை, 47 நாட்கள், தலைகீழாகவே மாட்டப்பட்டிருந்தது. அதற்குள் ஏறத்தாழ 1,16,000 பேர் அதைக் கடந்து சென்றிருப்பர் என மதிப்பிடப்பட்டது.

தவறைக் கண்டுபிடித்தவர் பங்குத் தரகராகப் பணியாற்றிய ஒரு பெண் பார்வையாளர். அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. அழுத்தமும் நுணுக்கமும் கூடிய உருவம் கீழேயும், எளிமையான உருவம் மேலேயும் இருக்கின்றன. ஓவியர் முதன்மையான உருவத்தைக் கீழே வைத்திருக்க மாட்டார் என்று அவர் கருதினார். பிம்பம் எப்போதும் மூலத்தைவிடச் சற்று எளிமையானது, குறைபட்டது என்ற இயற்பியல் உண்மையையே அவர் தம் கண்ணால் உணர்ந்திருக்கிறார். காவலாளி அவர் சொன்னதை ஏற்கவில்லை. செய்தித்தாளுக்குத் தெரிவித்த பிறகே படம் நேராக்கப்பட்டது.

உதவாத ஒரு சோதனை

மாணவர்களிடம் இத்தகைய படத்தைக் கொடுத்தால் முதலில் வரும் விடை பெரும்பாலும் இதுதான்: "படம் தலைகீழானால் மரமும் மேகமும் தலைகீழாகத் தெரியுமே!" இது தவறு. படத்தைத் திருப்பும்போது, முன்பு தலைகீழாக இருந்த பிம்பம் நிமிர்ந்து மேலே வந்துவிடும். உண்மையான மரம் தலைகீழாகிக் கீழே போய்விடும். ஆகவே திருப்பிய படத்திலும் மேலே நிமிர்ந்த மரம், கீழே தலைகீழ் மரம் என்ற அமைப்பு மாறுவதில்லை.

நிழலும் இங்கே கைகொடுக்காது. ஒளி மேலிருந்து வருகிறது என்று மூளை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். நிலவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் திருப்பினால் பள்ளங்கள் மேடுகளாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் ஏரிப் படத்தில் பிம்பத்தின் நிழல்களும் பிம்பத்தோடு சேர்ந்தே நிமிர்ந்துவிடுவதால், மேற்பாதி இயல்பாகவே தோன்றும். நிலவுக்கு உதவும் சோதனை ஏரிக்கு உதவவில்லை.

வெளிச்சம் சொல்லும் செய்தி

நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. இதிலிருந்து, எந்தக் கோணத்தில் பார்த்தால் நீர் எவ்வளவு ஒளியை எதிரொளிக்கும் என்று கணக்கிடலாம். நேர் கீழே குனிந்து நீரைப் பார்த்தால், திரும்பி வரும் ஒளி சுமார் 2 விழுக்காடு மட்டுமே. பார்வை நீர்ப்பரப்போடு 30 பாகை சாய்வில் இருந்தால் 6 விழுக்காடு. 20 பாகையில் 13. 10 பாகையில் 35. 5 பாகையில் 58. பார்வை நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் செல்லும்போதுதான் ஏரி உண்மையான கண்ணாடிக்கு அருகில் வருகிறது.

எனவே ஒளிமிக்க பொருளின் பிம்பம் எப்போதும் அப்பொருளைவிட மங்கலாகவே இருக்கும். பனி மூடிய சிகரம், வெள்ளை மேகம், சூரியன் ஆகியவற்றை முதலில் ஒப்பிட வேண்டும். மங்கலான சிகரம் மேலே இருந்தால் படம் திருப்பப்பட்டிருக்கக்கூடும். இரவில் எடுத்த படமானால் சோதனை இன்னும் எளிது: ஒளி குறைந்த விண்மீன்கள் வானத்தில் தெரியும், நீரில் தெரியா. எந்தப் பாதியில் விண்மீன்கள் குறைவோ அது நீர்.

கருமையான பொருள்களில் நிலைமை தலைகீழாகலாம். நீருக்குள்ளிருந்து சிதறி வரும் ஒளி பிம்பத்தோடு கலப்பதால், கலங்கிய குளத்தில் கரிய மரத்தின் பிம்பம் மரத்தைவிடச் சற்று வெளிறிப் பச்சையாகவோ பழுப்பாகவோ தோன்றும். டச்சு மொழியில் 1937-இல் இயற்கையின் ஒளியையும் வண்ணத்தையும் பற்றி நூல் எழுதிய வானியலாளர் மார்செல் மின்னார்ட் இத்தகைய கூர்நோக்குகளை விரிவாகப் பதிவு செய்தவர். சுருங்கச் சொன்னால், பிம்பத்தில் வெள்ளை அவ்வளவு வெள்ளையன்று, கறுப்பு அவ்வளவு கறுப்பன்று.

இன்னொரு குறிப்பு படத்தின் விளிம்பில் இருக்கிறது. கேமராவுக்கு அருகிலுள்ள நீரைப் பார்வை செங்குத்தான கோணத்தில் சந்திப்பதால் அங்கே எதிரொளிப்பு குறைந்து, நீருக்கடியிலுள்ள கூழாங்கற்களும் பாசியும் தென்படும். டச்சு ஓவியர் எசர் 1955-இல் வரைந்த 'மூன்று உலகங்கள்' என்ற படத்தில் மிதக்கும் இலைகள், மரங்களின் பிம்பம், நீருக்குள் நீந்தும் மீன் ஆகிய மூன்றும் ஒரே பரப்பில் தெரிவது இந்த நியாயப்படிதான். ஓர் ஒளிப்படத்தின் மேல்விளிம்பில் 'வானத்தில்' கூழாங்கற்கள் தெரிந்தால் மேலும் ஆராய வேண்டியதில்லை.

ஆனாலும் வெளிச்சத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இயற்கைக் காட்சிகளை எடுப்போர் பலர், மேற்பகுதி கருமையாகவும் கீழ்ப்பகுதி தெளிவாகவும் உள்ள வடிகட்டியை வில்லையின் முன் பொருத்துவது வழக்கம். வானத்தின் மிகையான வெளிச்சத்தைக் குறைப்பதற்கான இந்த ஏற்பாடு அளவு மீறிப்போனால், நேராக வைத்த படத்திலேயே பிம்பம் வானத்தைவிடப் பிரகாசமாகிவிடும். கணினித் திருத்தத்திலும் கைப்பேசியின் தானியங்கிச் சமன்பாட்டிலும் இதே விளைவு நேரலாம்.

நீருக்கடியிலுள்ள கண்

ஆகவே வடிவக்கணிதச் சோதனையே நம்பகமானது. தளக் கண்ணாடியில் பொருள் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பின்னால் மாய பிம்பம் தோன்றும் என்பது பள்ளிப் பாடம். ஏரிக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம்: கேமரா நீருக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், நீரில் தெரியும் பிம்பம், நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே வைத்த ஒரு கற்பனைக் கண் மேல்நோக்கிப் பார்க்கும் காட்சியே ஆகும். மேலே ஒரு கண், கீழே ஒரு கண். இடையே 4 மீட்டர் வேறுபாடு. இரு கண்களும் ஒரே காட்சியைக் காண முடியாது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். எதிர்க்கரை 200 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே நீரோரத்தில் 10 மீட்டர் உயரமுள்ள மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால், கேமராவிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில், நீர்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரமுள்ள குன்று இருக்கிறது. கேமரா நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் உள்ளது.

மேலுள்ள கண்ணுக்கு மர உச்சியின் சாய்வு 8/200, அதாவது 0.040. குன்றின் உச்சிக்கு 298/3000, அதாவது 0.099. மரத்துக்கு மேலே குன்று எட்டிப் பார்க்கும் அளவு 0.059. கீழுள்ள கற்பனைக் கண்ணுக்கு மர உச்சி 12/200 = 0.060; குன்று 302/3000 = 0.101, எட்டிப் பார்க்கும் அளவு 0.041 மட்டுமே. பிம்பத்தில் குன்றின் வெளித்தெரியும் பகுதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 60 பாகை அகலத்தைக் காட்டும், 4000 படப்புள்ளி அகலமுள்ள படத்தில் இது சுமார் 205 புள்ளிகளுக்கும் 140 புள்ளிகளுக்கும் இடையிலான வேறுபாடு. சாதாரண அளவுகோலை வைத்தே அளந்துவிடலாம்.

விதி இதுதான்: பின்னாலுள்ள உயர்ந்த பொருளை முன்னாலுள்ள பொருள் எந்தப் பாதியில் அதிகமாக மறைக்கிறதோ, அந்தப் பாதியே பிம்பம். மேற்பாதியில் மரங்கள் குன்றை அதிகமாக விழுங்கியிருந்தால் படம் திருப்பப்பட்டுள்ளது. வடிகட்டியோ வண்ணத் திருத்தமோ இந்த அளவை மாற்றாது.

கேமரா உயரமான இடத்தில் இருந்தால் வேறுபாடு மலைக்க வைக்கும். அதே காட்சியை 10 மீட்டர் உயரக் கரைமேட்டிலிருந்து எடுத்தால், நேர்க்காட்சியில் குன்று மரங்களுக்கு மேல் 0.097 அளவு உயர்ந்து நிற்கும், பிம்பத்திலோ 0.003 அளவே மிஞ்சும், அதாவது குன்று ஏறக்குறைய முழுதும் மறைந்துவிடும். இப்படிப்பட்ட நேரான படத்தைப் பார்த்துவிட்டு, "குன்றின் பிம்பத்தைக் காணோம், இது போலிப்படம்" என்று குற்றம் சாட்டுவோரும் உண்டு. குற்றச்சாட்டுக்கு முன் கேமராவின் உயரத்தைக் கேட்பது நல்லது.

கீழுள்ள கண் மேல்நோக்கிப் பார்ப்பதால் இன்னொரு பயனும் கிடைக்கிறது. பொருள்களின் அடிப்பக்கம் பிம்பத்தில்தான் நன்கு தெரியும். பாலத்தின் வளைவுக்கு அடியிலுள்ள கற்கள், படகுத்துறைப் பலகையின் கீழ்ப்புறம், தாழ்ந்த கிளையிலுள்ள இலைகளின் அடிப்பக்கம் ஆகியவற்றைத் தேடலாம். தெப்பக்குளத்தின் படிக்கட்டில் உயர நின்று நடுவிலுள்ள நீராழி மண்டபத்தைப் பார்ப்பவருக்குத் தளத்தின் மேற்பரப்பு தெரியக்கூடும். கொடுங்கையின் உட்புறமும் மண்டபத்தின் உட்கூரையும் நீரில் தெரியும். மேல்தளம் கீழ்ப்பாதியிலும், உட்கூரை மேற்பாதியிலும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நீர் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

எவ்வளவு அமைதியான ஏரியும் எங்கோ ஓரிடத்தில் அசைந்துகொண்டுதான் இருக்கும். மிதக்கும் சருகு, அல்லி இலை, நீர்ப்பூச்சி எழுப்பும் வளையம், வாத்து விட்டுச்செல்லும் தடம், தூரத்தில் காற்று தொட்டுச் சென்ற வெளிறிய பட்டை ஆகியவை நீருள்ள பாதியில் மட்டுமே இருக்க முடியும். சிற்றலைகளின் அளவும் உதவும்: கேமராவுக்கு அருகில் பெரிதாகவும் கரையை நெருங்க நெருங்கச் சிறிதாகவும் அவை தோன்றும். படத்தின் நடுக்கோட்டிலிருந்து மேல்நோக்கிப் போகப்போக 'வானத்தின்' சுருக்கங்கள் பெரிதாகிக்கொண்டே போனால் அது வானமன்று.

சிற்றலைகள் பிம்பத்தை எல்லாத் திசைகளிலும் ஒரேபோலக் குலைப்பதில்லை. மேல்கீழாகவே அதிகம் இழுக்கின்றன. கரையிலுள்ள விளக்கு நீரில் ஒளித்தூணாக நீள்வதும், தாழ்ந்த சூரியனுக்குக் கீழே பொற்பாதை விரிவதும் இதனால்தான். பிம்பத்தில் செங்குத்தான மரத்தண்டுகள் நெளிந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மெல்லிய கிடைக்கோடுகள், குறிப்பாக மின்கம்பிகள், சிதைந்துவிடும்.

முற்றிலும் அசைவற்ற நீர் அழகானது என்றாலும் அனைவரும் விரும்புவதன்று. நீரில் இறங்கும் விமானங்களை ஓட்டுவோர் அதைக் 'கண்ணாடி நீர்' என்று அழைத்து அஞ்சுகின்றனர். பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் உயரத்தைத் தவறாகக் கணித்து மோதும் ஆபத்து உண்டு. எனவே கரையோரத்தை அடையாளமாகக் கொண்டு, சீரான மெதுவேகத்தில் இறங்கும்படி அவர்களுக்குப் பயிற்சியளிக்கப்படுகிறது. எது நீர், எது வானம் என்ற கேள்வி அங்கே விளையாட்டன்று.

சுழற்சியும் புரட்டலும்

'தலைகீழாகத் திருப்பியது' என்பதில் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. படத்தை 180 பாகை சுழற்றுவது ஒன்று. மேல்கீழாகப் புரட்டுவது மற்றொன்று. படகின் பெயர்ப்பலகையோ கடையின் விளம்பரமோ படத்தில் இருந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். சுழற்றிய படத்தில், மேலே வந்துவிட்ட பிம்பத்தின் எழுத்துகள் நிமிர்ந்திருக்கும், ஆனால் இடவலமாக மாறியிருக்கும். மேல்கீழாகப் புரட்டிய படத்திலோ அவை ஒழுங்காகவே வாசிக்கத்தக்கவையாக இருக்கும். ஆகவே மேலே எழுத்து சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் படம் நேரானது என முடிவு செய்ய இயலாது. இடவலம் மாறியிருந்தால் மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

ஃபூஜி மலையும் அதன் தலைகீழ்ப் பிம்பமும்

ஏரிப் பிம்பத்துக்கு உலகில் மிகவும் பேர்பெற்ற காட்சிகளுள் ஒன்று சப்பானின் ஃபூஜி மலை. 3776 மீட்டர் உயரமுள்ள அதன் பிம்பத்தைச் சப்பானியர் 'சகாசா ஃபூஜி', அதாவது தலைகீழ் ஃபூஜி, என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். 2004-இல் வெளியான 1000 யென் தாளின் பின்புறத்தில் மொத்தோசு ஏரியில் விழும் ஃபூஜியின் பிம்பம் இடம்பெற்றது. கூம்பு வடிவ மலை, பனித்தொப்பி, அகன்ற ஏரி எல்லாம் சேர்ந்து மேல்கீழ்க் குழப்பத்துக்கு ஏற்ற காட்சியாக இது அமைகிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியவை பனியின் வெண்மையும், எதிர்க்கரை மரங்கள் மலையின் அடிவாரத்தை மறைக்கும் அளவும்தான்.

ஒக்குசாய் என்ற சப்பானிய ஓவியர் தம் ஃபூஜி வரிசை அச்சோவியங்களில் ஒன்றில் இந்தக் கேள்வியையே விளையாட்டாக்கிவிட்டார். அதில் மேலேயுள்ள மலை பனியற்ற கோடைக்கால மலை; நீரிலுள்ள பிம்பமோ பனி மூடியது. பிம்பம் மலைக்கு நேர் கீழே அமையாமல் விலகியும் இருக்கிறது. உண்மையான நீரில் இது நடக்காது: கேமரா சாயாமல் இருந்தால், ஒவ்வொரு புள்ளியும் அதன் பிம்பமும் ஒரே செங்குத்துக் கோட்டில்தான் அமையும்.

பிம்பமே போலியாக இருந்தால்

மலைப்படத்தை நகலெடுத்துப் புரட்டிக் கீழே ஒட்டி, சற்றே மங்கலாக்கி, 'ஏரி' உருவாக்குவது கணினியில் சில நிமிட வேலை. இதைக் காட்டிக்கொடுப்பது அதன் கச்சிதம். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 205-க்கு 140 என்று வர வேண்டிய இடத்தில் 205-க்கு 205 என்றே இருக்கும். முன்னே மரமும் பின்னே மலையும் உள்ள காட்சியில், நின்ற உயரத்திலிருந்து எடுத்த படம் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தினால் அது ஐயத்துக்குரியது. வெள்ளம் சூழ்ந்த ஊர் என்று பகிரப்படும் படங்களை ஆராயவும் இதே அளவீடு பயன்படும். தெருவில் நீர் நின்றிருந்தால், அருகிலுள்ள மின்கம்பம் தொலைவிலுள்ள கட்டடத்தைப் பிம்பத்தில் கூடுதலாக மறைத்தாக வேண்டும்.

ஒளிப்படம் தற்செயலாகத் திரும்பிவிடுவதற்குக் கைப்பேசியே பெரும்பாலும் காரணம். வில்லையை நீருக்கு மிக அருகில் கொண்டுபோவதற்காகக் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துப் படம் எடுப்பது ஒரு வழக்கம். எந்தப் பக்கம் மேல் என்பதைக் கைப்பேசியின் உணரி கண்டறிந்து, படக் கோப்போடு ஓர் எண்ணாகப் பதிவு செய்கிறது: 1 என்றால் நேர், 3 என்றால் 180 பாகை சுழற்ற வேண்டும். இந்த எண்ணைப் படிக்காத மென்பொருளில் திறந்தால் படம் தலைகீழாகவே தோன்றும். குனிந்து நேர் கீழே நீரைப் படமெடுக்கும்போது மேல் எது, கீழ் எது என்று உணரியே குழம்புவதும் உண்டு. மூலக் கோப்பு கையில் இருந்தால் இந்த எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். பகிரப்பட்ட படங்களில் பெரும்பாலும் இது நீக்கப்பட்டிருக்கும்.

நீருக்கு மிக அருகிலிருந்து எடுத்த அத்தகைய படங்களில்தான் வடிவக்கணிதச் சோதனை தளர்கிறது. மேற்கண்ட அதே மரமும் குன்றும், கேமரா வெறும் 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 176 புள்ளிகளும் 170 புள்ளிகளுமாகவே வேறுபடும். பார்வை நீர்ப்பரப்போடு கிட்டத்தட்ட இணையாகச் செல்வதால் தொலைவிலுள்ள நீரில் பிம்பத்தின் வெளிச்சமும் மூலத்தை நெருங்கிவிடும். வடிகட்டியும் போட்டிருந்தால் வெளிச்சச் சோதனையும் போயிற்று. அப்போது மிஞ்சுவது, படத்தைப் பெரிதாக்கி இரு பாதிகளிலும் அங்குலம் அங்குலமாக ஒரு மிதக்கும் சருகையோ பூச்சி எழுப்பிய ஒரு வளையத்தையோ தேடுவதுதான்.